பெரியப்பாவின் வாக்கு

ஜூன் 10, செவ்வாய்

இன்று ஸ்ரீரங்கத்தில் எங்கள் பள்ளியில் ஒரு கூத்து. யு.கே.ஜி. வகுப்பில், "எல்லாரும் கீழ உக்காருங்க" என்றேன். அத்தனை வாண்டுகளும் சட்டென்று உட்கார்ந்தன. வாசலில் நின்ற தலைமையாசிரியையும் பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்! "ஏன் உக்காந்தேன்னே தெரியல ஜென்சி" என்று என் கையைப் பிடித்து எழுந்தார். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு.

ஜூன் 11

சத்திரம் பஸ் ஸ்டாண்டில், "கொஞ்சம் வழி விடுங்க" என்றேன். மோசேக்குக் கடல் பிளந்த மாதிரி கூட்டமே விலகியது. எனக்கு என்ன ஆச்சு?

ஜூன் 12

அப்பாவிடம் சொன்னேன். பயப்படுவார் என்று பார்த்தால், ஓடிப்போய் அல்வா வாங்கி வந்தார். போன வாரம் இறந்த பெனடிக்ட் பெரியப்பாவுக்கு இந்த வாக்கு இருந்ததாம். அவர் சொன்னதை யாராலும் மீற முடியாதாம்.

"அண்ணனுக்கப்புறம் உனக்கு வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை நம்ம மண்டிக்கு வா. லால்குடி விவசாயிங்க விலை பேச வராங்க. 'நாங்க சொல்ற விலைக்கே குடுங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

அல்வாவை அப்படியே வைத்துவிட்டேன். காந்தி மார்க்கெட் வாழை மண்டி, இந்த வீடு, என் படிப்பு - எல்லாம் இப்படித்தான் வந்ததா?

ஜூன் 13

மண்டியில் வாழைத்தார் சுமக்கும் டோமினிக் அண்ணனிடம், "கூலி ஏத்திக் கேக்க மாட்டீங்களா?" என்றேன். வாயைத் திறந்தார். சத்தமே வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "அது மட்டும் வராது பாப்பா. 'இனிமே அந்தப் பேச்சே எடுக்காத'ன்னு உங்க பெரியப்பா ஒருநாள் சொன்னாரு. அதுலேருந்து இப்படித்தான்."

அவர் மகள் படிப்பை நிறுத்திய வருஷம்தான் எனக்கு ஸ்கூட்டி வாங்கினார்கள். சீ, என்ன மனுஷங்க நாங்க!

ஜூன் 14

'நியாயமா நடங்க'ன்னு அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. சொல்லலாமா? சொன்னா அப்புறம் நானும் பெரியப்பாதானே?

ஜூன் 15, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து மண்டிக்குப் போனோம். விவசாயிகளும் சுமை தூக்குபவர்களும் கூடியிருந்தார்கள். அப்பா கண்ணைக் காட்டினார். நான் சொன்னேன்: "பெரியப்பா சொன்னதெல்லாம் இனிமே உங்களைக் கட்டுப்படுத்தாது. கேக்கணும்னு தோணினா கேளுங்க."

உடனே டோமினிக் அண்ணன் கூலியைப் பற்றி ஆரம்பித்தார் பார்! பக்கத்துக் கடைக்காரர்கள் டீ கிளாஸோடு வந்து வேடிக்கை பார்த்தார்கள். லால்குடி தமிழ்மணி அக்கா, "இதான் விலை, முடியாதுன்னா அடுத்த மண்டிக்குப் போறோம்" என்று லாரியிலிருந்து ஒரு தாரைக்கூட இறக்க விடவில்லை.

அப்பா என்னை ஓரமாக இழுத்தார். "அவங்களைச் சும்மா இருக்கச் சொல்லுடி!"

"மாட்டேம்ப்பா."

"அப்ப என்னையாவது ஒத்துக்கச் சொல்லு!"

"அதுவும் மாட்டேன். நீங்களே பேசுங்க."

"நான் பேரம் பேசினதே இல்லடி. எல்லாம் அண்ணன்தான்..."

பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். மத்தியானம் வரை திக்கித் திணறிப் பேசினார். கூலியும் ஏறியது, தார் விலையும் ஏறியது.

ஜூன் 16

அப்பா என்னோடு பேசவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

அப்பா தொண்டை கட்டிப்போய் வந்தார். காலை முழுக்கத் தமிழ்மணி அக்காவோடு பேரமாம். "அசைஞ்சே குடுக்க மாட்டேங்குது அந்தப் பொண்ணு. நாளைக்குப் பூவன் கொண்டு வரட்டும், பாத்துக்கறேன்!" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

சாப்பிடும்போது, இன்னொரு துண்டு மீன் வைத்தால் பாத்திரம் தேய்த்துத் தருவதாக அம்மாவிடம் பேரத்தைத் தொடங்கினார். "துணியும் காயப்போடணும்" என்றாள் அம்மா.

இப்போது மொட்டை மாடியில் துணி உதறும் சத்தம் கேட்கிறது.