கணவர் கையொப்பத்துக்கு ஒரு கட்டம்

அனுப்புநர்:
காலர் தைப்பவள், மூன்றாம் வரிசை,
ஆயத்த ஆடைத் தொழிற்சாலை.
(பெயர் எழுதாததன் காரணம் பத்தி 4-இல்)

பெறுநர்:
சுகாதார அலுவலர் அவர்கள்.

பொருள்: அவசரக் கருத்தடை மாத்திரையை நிறுத்தி, முறையான கருத்தடைக்கு மாறுவதற்கான படிவத்தில் கணவர் கையொப்பக் கட்டத்தை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: என் முந்தைய இரண்டு மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல், பிழைத்ததே பெரிது என்றார்கள். மூன்றாவது கூடாது என்று மருத்துவர் சொன்னபோது என் கணவரும் பக்கத்தில்தான் நின்றார். லாரி ஓட்டும் அவர் சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வருவார். மருத்துவர் சொன்னது மட்டும் அவர் நினைவுக்கு வருவதில்லை.

2. ஆகவே திங்கட்கிழமைகளில் தொழிற்சாலை முதலுதவி அறையில் அவசர மாத்திரை வாங்கி விழுங்கினேன். எங்கள் வரிசையில் அதற்குத் திங்கள் மாத்திரை என்றே பெயர். எட்டு மாதம் இப்படிப் போனது. மாதவிலக்கு தன் இஷ்டத்துக்கு வந்தது. தங்கள் மருத்துவமனைச் செவிலியரிடம் போனேன். "இது அவசரத்துக்குத்தாம்மா, வாராவாரம் நம்பி இருக்க முடியாது. ஆனா பயந்துபோய் சும்மா நிறுத்திடாத. வேற ஒண்ண ஆரம்பிச்சிட்டு நிறுத்து" என்றார். காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம், நாள் தள்ளினால் உடனே சோதித்துப் பார்க்க வேண்டும் என்றும் பொறுமையாகச் சொன்னார். அவர்மேல் எனக்குக் குறையே இல்லை.

3. படிவத்தில் கணவர் கையொப்பத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அப்படி விதி எதுவும் இல்லை என்று செவிலியரே தேடிப் பார்த்துச் சொன்னார். எழுத்தரோ, "கட்டம் நிரம்பலேன்னா கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாதும்மா" என்று கையை விரித்துவிட்டார். கணவரிடம் கேட்டேன். "வாரம் பூரா நான் ஊர்ல இல்ல. உனக்கு எதுக்கு அது?" என்றார்.

4. முதல் மனுவுக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, 'கருத்தடை தொடர்பான தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்ற கடிதம், இன்னாரின் மனைவி என்று அவர் பெயர் போட்டு, ஒரு சனிக்கிழமை வந்தது. அவரே பிரித்துப் படித்தார். திங்களன்று தொழிற்சாலைக்கு வந்து, இனி எனக்கு மாத்திரை தரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்களும் தரவில்லை. அதற்குப் படிவமும் கட்டமும் தேவைப்படவில்லை.

5. மாத்திரை நின்று ஆறு வாரம் ஆகிறது. நாள் தள்ளிப் பன்னிரண்டு நாள். சோதித்துப் பார்க்கத் துணிவு வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா.

இந்த மனுவால் எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. பெயர் இல்லாத மனுவைத் தாங்கள் ஏற்கமாட்டீர்கள் என்பதும் தெரியும். என் பக்கத்து மிஷினில் புதிதாய்க் கல்யாணமான பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். திங்கட்கிழமைகளில் அவளும் எழுந்து போகிறாள். அவள் தங்களிடம் வருவதற்குள்ளாவது அந்தக் கட்டத்தை எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். பதில் எழுதினால் மருத்துவமனைப் பலகையில் ஒட்டுங்கள். வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.

நாள்: திங்கட்கிழமை
இடம்: முதலுதவி அறை வாசல்

இப்படிக்கு,
காலர் தைப்பவள்
(என் கையொப்பம் மட்டும்)