விடுதலை ஆகிவிட்டாய், அண்ணே

என் ஸ்டீபன் அண்ணனுக்கு,

போன மாதம் தீர்ப்பு வந்தது. கோர்ட்டில் உன் பெயரை உரக்கக் கூப்பிட்டார்கள். நீ இல்லை என்று எனக்குத் தெரியாதா? இருந்தும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

அந்தச் சாயங்காலம் பெயின்ட் வேலை முடிந்து, கூட வேலைபார்க்கும் வில்சனின் பைக்கில் குளத்தூருக்கு வந்துகொண்டிருந்தாய். பக்கத்தில் ஒரு வீட்டில் ரப்பர் ஷீட் திருட்டுப் போயிருந்ததாம். வழிமறித்த போலீஸ், வீடு எங்கே என்று கேட்டது. வில்சன் ஊரில் பெரிய ஆளான தன் மாமாவின் பெயரைச் சொன்னான். நீ, "எஸ்.சி. காலனியில்" என்றாய். அவன் வீட்டுக்குப் போனான். உன்னை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். என்ன குற்றம் என்று உன்னிடமும் சொல்லவில்லை, எங்களுக்கும் தகவல் இல்லை. திருடியதாக எழுதி, அடித்துக் கையெழுத்து வாங்கினார்கள். கீழ்க்கோர்ட் அதை நம்பித் தண்டித்தது.

அப்பீல் போட்டு ஜாமீனில் வந்தாய். வந்தது நீதானா? ஜீப் சத்தம் கேட்டால் சோற்றுத் தட்டைப் போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடுவாய். அன்றைக்கும் ஓடினாய். ரப்பர் தோட்டத்தில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு. வந்தது கரண்ட் ஆபீஸ் ஜீப், அண்ணே. கம்பியில் உரசிய தென்னோலையை வெட்ட வந்தவர்கள். அவர்கள்தான் உன்னை மேலே தூக்கினார்கள்.

"ஆள் போனா அப்பீலும் போச்சு. ஒரு மாசத்துக்குள்ள கூடப்பிறந்தவங்க கேட்டா நடத்தலாம்" என்றார் வக்கீல்.

அம்மா தடுத்தாள். "செத்தவனுக்கு இனி என்னத்துக்கு மக்கா கேஸ்? அவன் நிம்மதியா கெடக்கட்டு."

"கள்ளன்னு பேரோட கெடந்தா நிம்மதி உண்டா அம்மா?"

நான் கையெழுத்துப் போட்டேன்.

நீதிபதி அரசு வக்கீலைக் கேட்டார்: ஒரே பைக்கில் வந்த இரண்டு பேரில் ஒருவரை மட்டும் பிடிக்க என்ன காரணம்? காரணம் சொல்லாமல் பிடித்தது சட்டத்துக்கு விரோதம், போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியம் ஆகாது என்று தீர்ப்பில் எழுதியிருக்கிறது. கேரளத்துக் கோர்ட் ஆயிற்றே, மலையாளத்தில் இருந்ததை அம்மாவுக்குத் தமிழில் வாசித்துச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இத அவன்ட்ட ஆரு சொல்லுவா?" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வாரம் காலனியில் பிஜுவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் பின்னாலேயே ஸ்டேஷனுக்குப் போனேன்.

"எதுக்காக்கும் சாரே இவனப் பிடிச்சது? அவன்ட்ட அதச் சொல்லணும்."

"நீ ஆரு?"

"ஸ்டீபனுக்க தங்கச்சியாக்கும்."

எஸ்.ஐ. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிஜுவைக் கூப்பிட்டுக் காரணத்தைச் சொன்னார். அவனை மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோகும் வரை பெஞ்சை விட்டு நான் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இடம் கிடந்தது. ஒருவர் வந்து உட்காரப் போனார். "ஆளுண்டு" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன், அண்ணே?

நம் ஆட்களில் இனி யாரைக் கொண்டுபோனாலும் நான் போய்க் கேட்பேன். நீயும் வா.

உன் கூடப்பிறந்தவள்,
லில்லி