மச்சானின் நாலு சில்லு பைக்

வெள்ளிக்கிழமை, இரவு.

மனைவியின் அண்ணன் பைஸர் காக்காவை இன்று ஸ்பேனரால் அடித்தேன். காது கிழிந்து சட்டையெல்லாம் இரத்தம்.

கடற்கரை மணலில் மீன்பெட்டி இழுக்கும் அவனுடைய நாலு சில்லு பைக் ஸ்டார்ட் ஆகவில்லை என்று என் கராஜுக்குக் கொண்டுவந்தான். பேட்டரி செத்திருந்தது. சார்ஜ் ஏற்றினேன். "நான் சொல்லும் வரைக்கும் ஸ்டார்ட் சுவிச்ச அமத்தாத மச்சான்" என்று அவனைச் சீட்டில் இருத்திவிட்டு, பேட்டரியில் வயரைப் பூட்டினேன். உடனே ஸ்டார்ட்டர் அலறியது. கியரில் கிடந்த வண்டி பாய்ந்து, முன் சக்கரம் என் பாதத்தில் ஏறியது.

"நான் அமத்தல்ல மச்சான்! கையே வெக்கல்ல!"

பொய்க்காரா என்று கத்திக்கொண்டு அடித்தேன். விழுந்தவனை மறுபடியும் அடித்தேன். பக்கத்துக் கடைக்காரர்கள்தான் இழுத்துப் பிரித்தார்கள்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை. சுவிச்சை அமத்தினால் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் விடும் ரிலேயைச் சுத்தியலால் உடைத்தேன். உள்ளே செப்புத் தகடுகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பேட்டரியைக் கொன்றதும் அதுதான். வயரைப் பூட்டினாலே போதும், சுவிச்சே தேவையில்லை. பூட்டியவன் நான். இனி யாரை அடிப்பது?

அவன் மேல் பிழையில்லை என்று சொல்வதற்காக வீட்டுக் கதவைத் தட்டினேன். மனைவி திறக்காமலே கதைத்தாள்.

"எண்ட காக்கா கட்டித்தந்த ஊட்டுக்குள்ள நீங்க வரப்படா."

கராஜில் படுத்துக் கிடக்கிறேன். இதற்குக் கூரை போட்டுத் தந்தவனும் அவன்தான்.