மேட்டில் நின்று குரல் கொடு

சேசு மரி சூசை துணை

காரிமங்கலம்
22-9-1986

அன்பு மகன் சவரிராயனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் இங்கே எல்லோரும் கஞ்சி குடித்துக்கொண்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம், ஜபல்பூரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு சுகமாய் இருக்க தினம் ஜெபமாலை சொல்லும்போது உன்னை நினைக்காமல் எழுந்திருப்பதில்லை. எல்லோரும் நலம் என்று எழுதி முடித்துவிடத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அப்படி எழுதினால் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லவேண்டி வரும், அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன், படித்துவிட்டுப் பதறாதே. உன் தங்கை ராஜமேரிக்கு ஏழாம் மாதம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, அடுத்த மாதம் அழைத்துவந்துவிடலாம் என்றிருக்கிறேன். கடலை நன்றாகக் காய்த்திருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு மலையடிவாரத்துப் பன்றியெல்லாம் நம் கொல்லைக்கே வருகின்றன, தக்காளியில் கிளி ஒரு பக்கம் கொத்துகிறது. உன் அப்பா வழக்கம்போல் சாயங்காலம் ஆனால் நாட்டுத் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லை நடுவில் கட்டிய காவல் பரணுக்குப் போய்விடுகிறார்.

அந்தப் பழைய துப்பாக்கியைப் போலீஸ் கச்சேரியில் ஒப்படைத்துவிட்டு ஒரு ஏர் கன் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கு லைசென்ஸ் தொல்லையும் இல்லை, குழாயில் மருந்து கெட்டிக்கிற வேலையும் இல்லை என்று நீ எழுதியதை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். வந்ததே கோபம். "பட்டாளத்துக்குப் போனவன் எனக்குப் புத்தி சொல்றானா, ஏர் கன்னால சுட்டா பன்னி முதுகு சொறிஞ்சிக்கும்டி" என்றார். கிளிக்காவது ஆகுமே என்று நான் விடாமல் நச்சரித்ததில் சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு தருமபுரிக்குக் கிளம்பினார். அவருக்கு அந்த நாட்டுத் துப்பாக்கி மேல் எத்தனை உயிர் என்று உனக்குத் தெரியும். சுட்டுவிட்டு வந்தால் தனக்குச் சோறு போடச் சொல்லமாட்டார், முதலில் அதற்கு வெந்நீர் போடச் சொல்வார். கரிமருந்துப் புகை உள்ளே தங்கினால் ஈரத்தை இழுத்து ஒரே ராத்திரியில் துரு ஏற்றிவிடும் என்பார். கொதிக்கக் கொதிக்கக் குழாயில் ஊற்றிக் கழுவி, துணி சுற்றிய கம்பியால் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, கேப்பு மாட்டுகிற, அதன் நெருப்பு மருந்துக்குப் போகிற சின்னத் துளையைக் கோழி இறகால் குத்திச் சுத்தம் செய்து, அதற்கப்புறம்தான் கை கழுவுவார். என் பாத்திரமெல்லாம் கரியாகிறதே என்று நான் கத்தாத நாள் இல்லை.

ரஷீத் பாய் கடைக்குப் போனோம், நம் துப்பாக்கிக்குக் குதிரை மாற்றிக் கொடுத்தவர், உனக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு ஏர் கன் எடுத்துக் காட்டினார், ஒன்று நடுவில் மடக்குகிறது, இன்னொன்று அடியில் கைப்பிடியை இழுத்து அழுத்துகிறது, அது கொஞ்சம் கனம். நீ எழுதியிருந்தபடி கட்டையில் வெடிப்பு இருக்கிறதா, குழாய் நேராக இருக்கிறதா, ஸ்பிரிங்கு கெட்டியா என்று நானே கேட்டேன், பாய் சிரித்துக்கொண்டே எல்லாம் காட்டினார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்துத்தான் எடுக்கவேண்டும் என்று சொல்லிக் கடைக்குப் பின்னால் இருந்த பலகையில் ஒரு தீப்பெட்டி அட்டையை ஒட்டினார். அப்பா அடித்தார், பலகையிலேயே படவில்லை. இன்னொரு தடவை அடித்தார், சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது. குழல் கோணல் என்றார். பாய் அதே துப்பாக்கியை வாங்கி அடித்தார், அட்டையில் ஓட்டை. சரி அடுத்ததைக் கொடு என்று வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு, பலகைக்கு நேரே நின்றுகொண்டு, "அட்டைய எங்கப்பா ஒட்டியிருக்கே?" என்று கேட்டார். பாய் என் முகத்தைப் பார்த்தார். நான் ஒரு பைத்தியக்காரி, பேச்சை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு கொடுங்கள் நான் பார்க்கிறேன் என்று அந்த மடக்குகிற துப்பாக்கியை வாங்கி அடித்தேன். பாழாய்ப்போனது அட்டையின் ஓரத்தில் போய்ப் பட்டுவிட்டது. அப்பா வெளியே போய் நின்றுகொண்டார். பாய்தான், "அண்ணி, துப்பாக்கி அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல அண்ணனக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க" என்று மெதுவாகச் சொன்னார். நான் அடித்த ஏர் கன்னையே உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறார். பஸ்ஸில் வரும்போது அப்பா பேசியது ஒன்றே ஒன்றுதான், "பையனுக்கு எழுதாத" என்றார்.

அப்புறம் யோசித்தால் எல்லாம் தெரிகிறது. பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடி எங்கேயோ போய்விட்டது நீயே படி என்பார். பூசையில் பாட்டுப் புத்தகத்தைத் திறப்பதே இல்லை. எனக்கு வயதாகிவிட்டது என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேனே தவிர அவருக்குப் பார்வை போகிறது என்று தோன்றவில்லை. இதை விடப் பெரிய இடி அன்று சாயங்காலம் வந்தது. பக்கத்துக் கொல்லை சென்றாயன் நான் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் வந்து நின்றான். சொல்லலாமா வேண்டாமா என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றவனை அதட்டித்தான் கேட்டேன். செவ்வாய்க்கிழமை புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக் குனிந்தபடி நம் கொல்லைக் குறுக்கே வந்திருக்கிறான். அப்பா பரணிலிருந்து துப்பாக்கியை நீட்டிக் குதிரையைத் தட்டிவிட்டார். கேப்பு மட்டும் டப்பென்று வெடித்தது, மருந்து பற்றவில்லை. "கட்டப் போட்டுட்டுக் கீழ வுழுந்துட்டேங்க அக்கா, மாமன் எறங்கி வந்து கையப் புடிச்சிக்கிட்டு அளுதாரு, இருட்டிப் போச்சி, பன்னின்னு நெனச்சேன், வூட்ல சொல்லாதன்னாரு, ஆனா பொளுது சாயவே இல்லீங்க" என்றான். அவனுக்கும் இரண்டு பெண் பிள்ளைகள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்து மருந்து நமுத்துப்போய்விட்டது என்றுதான் என்னிடம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்று பூசைக்குப் போகாமல் நின்றுவிட்டேன், அவர் போன பிறகு துப்பாக்கியை எடுத்துக் குதிரையைப் பின்னால் இழுத்துப் பார்த்தேன். கேப்பு மாட்டுகிற துளை முழுக்கக் கரி அடைத்து இறகு கூட நுழையவில்லை. எண்ணெய் மட்டும் பளபளவென்று தடவியிருக்கிறார், கைக்குத் தெரிந்த இடமெல்லாம் சுத்தம், கண்ணுக்கு மட்டும் தெரிகிற அந்தத் துளை அழுக்கு. இத்தனை வருஷம் ஒரு பொட்டு கரி விடாமல் துடைத்தவர் விட்டுவிட்ட அந்தக் கரிதான் சென்றாயனைக் காப்பாற்றியிருக்கிறது. இல்லாவிட்டால் இந்நேரம் அப்பா ஜெயிலில் இருப்பார், அந்தப் பிள்ளைகள் தகப்பனில்லாமல் நிற்கும். உள்ளே கெட்டித்திருக்கிற மருந்து நனையட்டும் என்று நான் ஒரு சொம்பு தண்ணீரை அந்தக் குழாயில் ஊற்றினேன். செய்தது சரியோ தப்போ எனக்குத் தெரியாது.

அவர் வந்து தூக்கின உடனே கனத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். வாயை மோந்து பார்த்தார், என்னைப் பார்த்தார். திருகு வைத்த கம்பியை விட்டு நனைந்த மருந்தையும் ஈய ரவையையும் பிடுங்கி எடுத்து, தானே வெந்நீர் வைத்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, எல்லாம் விரலால் தடவித் தடவியே செய்து, மறுபடியும் கெட்டித்துவிட்டார். கேப்பு டப்பியை நான் ஒளித்துவைத்திருக்கிறேன், அது எங்கே என்று அவர் கேட்கவில்லை. சட்டைப் பையிலோ கோவணத்திலோ ஒன்றிரண்டு வைத்திருக்கிறாரோ என்று எனக்குத் திக்கு திக்கு என்கிறது. நேற்றிலிருந்து என்னோடு பேச்சில்லை, தட்டை வைத்தால் சாப்பிடுகிறார், எடுத்தால் எழுந்துவிடுகிறார். கண் முகாம் போடுகிறார்கள், புரை என்றால் அறுத்து எடுத்துவிடுவார்கள், ராஜமேரி மாமனாருக்கு நன்றாகத்தானே தெரிகிறது என்று சுவரைப் பார்த்துச் சொல்வது போல் சொல்லிப் பார்த்தேன். சுவரே பரவாயில்லை. எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வருகிறது, அடுத்த நிமிஷம் கம்பியை விரலால் தடவிக்கொண்டிருக்கிற அவர் முதுகைப் பார்த்தால் அழுகை வருகிறது. கண் போய்விட்டது என்று ஒத்துக்கொண்டால் தன்னை ஆள் இல்லை என்று மூலையில் உட்காரவைத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறாரடா. நான் சொல்லி அவர் கேட்கமாட்டார், நீ வந்து கையைப் பிடித்துக் கூப்பிட்டால் எழுந்து வருவார். உன் ஆபீசரிடம் என்ன சொல்வாயோ, சொல்லி லீவு வாங்கு.

இதை எழுதும்போது பேனா ஓடுகிற சத்தம் கேட்டுவிட்டது போலிருக்கிறது, வாசலில் நின்றுகொண்டு, "அவனுக்கா எழுதறே, நான் நல்லாயிருக்கேன்னு எழுது" என்றார். ஒரு நாளைக்கப்புறம் பேசின பேச்சு அதுதான். எழுதிவிட்டேன், அப்பா நன்றாக இருக்கிறார்.

வெயிலில் வெறுந்தலையோடு திரியாதே, வாரம் ஒரு தடவை எண்ணெய் தேய்த்துக் குளி. உன் பெயருக்குரிய சவேரியார் உனக்கு முன்னும் பின்னும் நடந்து வருவார், அப்பாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. போன வருஷம் மாதிரி சொல்லாமல் கொள்ளாமல் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கொல்லைக் குறுக்கே வந்து எங்களை அசத்துகிற வேலை வேண்டாம். தந்தி கொடு. ரோட்டு வழியாகவே வா. வந்து மேட்டில் நின்று, அப்பா நான் சவரி என்று உரக்கக் குரல் கொடு, அவர் பதில் சொன்ன பிறகு இறங்கி வா. உன் குரல் அவருக்கு இன்னும் தெரியும்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அம்மா
லூர்து மேரி