முருகேசன் கண்ணால் சொன்ன பதில்

ஆடி மாதம், புதன் இரவு.

வாதத்தில் விழுந்து பேச்சிழந்த நண்பன் முருகேசனுக்கு இரண்டு வருடமாகத் தென்காசி வம்பையெல்லாம் ஒப்பிப்பவன் நான்தான். இன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்கள் அவன் கண்ணோரம் ஒயர் வைத்த பட்டைகளை ஒட்டினார்கள். அவன் மனைவி செல்வி காலையில் தேய்த்த குற்றாலத்து எண்ணெயில் அவை மூன்று தடவை வழுக்கின. கண் இம்மியளவு வலப்புறம் போனாலும் பக்கத்துத் திரையில் கோடு ஏறும்; அது ‘ஆமாம்’. இடப்புறம் போனாலோ இறங்கும், அது ‘இல்லை’.

புருஷனிடம் செல்வி கேட்ட முதல் கேள்வி: “ஏங்க, இந்த அண்ணாச்சி பேச்சு அறுவையா இருக்கா?”

கோடு விருட்டென்று ஏறியது.

“பாத்தியளா அண்ணாச்சி?” என்று சிரித்தாள். எழுந்து ஓட முடியாதவனையா இத்தனை நாள் அறுத்திருக்கிறேன்?

“அப்பம் நாளைக்கு வரட்டுமாலே?” என்றேன்.

கோடு வெகுநேரம் நேராகவே கிடந்தது. பிறகு ஏறியது.

பயல் யோசித்தானா, என்னைத் தவிக்கவிட்டானா? நாளைக்குப் போய் அதைத்தான் கேட்க வேண்டும்.