பெரிய காரணி

அன்புள்ள உனக்கு,

இதை உன் சாப்பாட்டுப் பையில் வைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பிரிக்காதே. பஸ்ஸிலேயே படித்துவிடு.

நேற்று உன்னோடு வேலை பார்க்கும் ஜெரால்ட் வந்திருந்தார். நல்ல மனிதர்தான்.

கல்யாணத்துக்கு முன், மண்டபத்தூர் கடற்கரையில் நீ எனக்கு ஓர் எண் தந்தாய்: 1234567. இவ்வளவு ஒழுங்கான எண் உடையாது என்று நினைத்தேன். ஈர மணலில் ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துக்கொண்டே போனேன். 127-இல் உடைந்தது. சின்னக் காரணியை மட்டும் நான் சொன்னேன். மிச்சத்தை, 9721 என்று, நீ சொன்னாய். அதன்பின் எந்த எண்ணுக்கும் நமக்குள் அதுவே வழக்கமாயிற்று.

நேற்று நான் காபி கொண்டுவந்தபோது அவர் உன்னிடம், "கண்டுபிடிச்சிட்டேன் டீச்சர். நூத்தி இருபத்தேழு" என்றார்.

"ஒன்பதாயிரத்து எழுநூத்தி இருபத்தொண்ணு" என்றாய் நீ. கடற்கரையில் கேட்ட அதே குரல்.

"என்ன சார் முழிக்கிறீங்க? இது எங்க கணக்கு" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.

எண் யாருக்கும் சொந்தமில்லை. தெரியும். ஆனால் அந்தப் பதில்?

உனக்கு ஓர் எண் தருகிறேன்: 1000003. இது பகா எண், உடையாது. என் பேச்சை நம்பாமல், 997 வரை ஒவ்வொரு பகா எண்ணாலும் நீயே வகுத்துப் பார். அவரிடம் கொடுக்காதே. முடித்ததும் என்னிடம் வந்து, "ஒண்ணு" என்று மட்டும் சொல்.

மிச்சத்தை நான் சொல்கிறேன்.

காபி கொண்டுவந்தவன்