சோழர் படை தின்ற மல்லாட்டை

பெருமுக்கல்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி இனியவனுக்கு,

உன் அண்ணி எழுதுவது. எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் இங்கே நலமில்லை. நாலு நாளாகப் போன் அடிக்கிறேன், நீ எடுக்கவில்லை. அதனால் சென்னைக்கு வேலைக்குப் போகும் நம் தெரு ரோஜாவிடம் இதைக் கொடுத்து, உன் கையிலேயே சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

மல்லாட்டை, அதுதான் உங்கள் சென்னைப் பேச்சில் வேர்க்கடலை, பிடுங்கும்போது உன் அண்ணனுக்குக் காலில் கம்பி ஏறிவிட்டது. நிலத்தில் செருப்புப் போட்டுக்கொண்டு இறங்கமாட்டார், உனக்குத் தெரியும். குத்தியதே அவருக்கு உறைக்கவில்லை. வீட்டுத் தரையில் ரத்தத்தைப் பார்த்து நான்தான் சொன்னேன். பதினைந்து நாளில் இரண்டு விரல் கறுத்துவிட்டது. விரல்களை உடனே எடுக்க வேண்டும், இன்சுலின் ஊசியை மறுபடி போட வேண்டும், வெள்ளிக்கிழமையைத் தாண்டினால் முழங்கால்வரை போய்விடும், அதற்குமேல் உயிருக்கே உத்தரவாதம் இல்லை என்று திண்டிவனத்து டாக்டர் சொல்லிவிட்டார். இவர் ஆபரேஷன் வேண்டாமென்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

எல்லாம் உன் வீடியோவை நம்பித்தான். சோழர் படை மல்லாட்டையும் வெல்லமும் உருண்டை பிடித்துக் கட்டிக்கொண்டு போருக்குப் போனது, அதனால்தான் அந்தக் காலத்தில் சர்க்கரை நோயே கிடையாது என்று பேசினாயே, அதை நூறு தடவையாவது பார்த்திருப்பார். டீக்கடையில் வருகிறவன் போகிறவனையெல்லாம் உட்காரவைத்துக் காட்டினார். மாசியிலேயே இன்சுலினைக் குப்பையில் போட்டுவிட்டார். காலையில் ரெண்டு உருண்டை, சாயந்திரம் ரெண்டு உருண்டை. பிடித்துக் கொடுத்த பாவி நான்தான்.

பொங்கலுக்கு வந்தபோது அடுப்படியில் நின்று நீயே என்னிடம் சொன்னாய். மல்லாட்டை கப்பலேறி வந்து சில நூறு வருஷம்தான் ஆகிறது, சோழர்கள் அதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க முடியாது என்று. பிறகு ஏன் அப்படிப் பேசினாய் என்றதற்கு, "நெசத்தச் சொன்னா எவன் பாக்கறான் அண்ணி" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். அண்ணன் தம்பிக்குள் சண்டை மூட்டக் கூடாதென்று, அவர் ஊசியை நிறுத்தியபோதும் வாயைத் திறக்கவில்லை. முந்தாநாள்தான் சொன்னேன். "எந்தம்பி காலேஜ் படிச்சவன், நீ இன்னா படிச்ச? சோழர் படையில எவனுக்குனா வெரல வெட்டிக்கினு இருந்தாங்களா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எனக்கு உன்மேல் ஆத்திரம்தான், மறைக்கவில்லை. என்மேலும்தான்.

நேற்றிலிருந்து கால் நாறுகிறது. அவருக்குத் தெரியக் கூடாதென்று ஊதுபத்தி ஏற்றிவைக்கிறேன். ஈயைத்தான் ஓட்டி மாளவில்லை.

வியாழக்கிழமைக்குள் வந்துவிடு. போனில் சொன்னால் நான் சொல்லிக்கொடுத்தேன் என்பார். நேரில் நின்று, நான் சொன்னது பொய் அண்ணா என்று ஒரே ஒரு தடவை சொல். வேறு யார் சொன்னாலும் அவருக்கு ஏறாது. உன்னை அடிப்பார். என் முகத்தில் முழிக்காதே என்பார். ஆயுசுக்கும் உன்னோடு பேசாமலே இருக்கட்டும். அந்த ஆயுசை மட்டும் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போ.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இன்னமும் சாமியிடம் கேட்கிறேன்.

உன் அண்ணி,
தையல்நாயகி